ஆன்லைனில் விற்ற பொருளுக்கு வந்த செக் திரும்பிவிட்டதா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அபார்ட்மென்ட்டைக் காலி செய்கிற அவசரத்தில், சாப்பாட்டு மேஜையை 600 டாலருக்கு விற்பதாக ஆன்லைனில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் வந்துவிட்டார். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. மேஜையைப் பார்க்கக்கூட வேண்டாமாம். "செக் அனுப்புகிறேன், பாங்கில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்றார்.

நான்காம் நாள் கூரியரில் உறை வந்தது. உள்ளே 1,950 டாலருக்கு ஒரு கேஷியர்ஸ் செக், அதாவது பாங்க் தானே எழுதித் தருவது. உறையில் இருந்த அனுப்புநர் முகவரி ஒரு மாநிலம், செக்கில் இருந்த பாங்க் இன்னொரு மாநிலம், வாங்குகிறவர் தான் இருப்பதாகச் சொன்னது மூன்றாவது மாநிலம். கூடுதலாக இருக்கும் 1,350 டாலரை மேஜை எடுக்க வரும் லாரிக்காரருக்கு ஸெல் (Zelle, பாங்க் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பிவிடச் சொல்லி மெசேஜ் வந்தது. செக்கைப் பாங்க் கவுன்ட்டரில் கொடுத்தேன். மறுநாளே கணக்கில் பணம் தெரிந்தது. வீடு மாற்றுகிற வேலையில் லாரிக்காரருக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள் பாங்க் அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. செக் போலி. என் சோம்பல்தான் அன்று என்னைக் காப்பாற்றியது, புத்தி இல்லை.

அதே வருடம் நண்பர் ஒருவர் பக்கத்து ஊர்க்காரருக்குத் தன் கேமராவை விற்று, சாதாரண பர்சனல் செக் வாங்கினார். அதுவும் திரும்பியது. ஆனால் அவர் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தை வாங்கிவிட்டார். இரண்டுமே "செக் பவுன்ஸ்"தான், ஆனால் சட்டத்தில் இரண்டுக்கும் வழி வேறு. அவரிடம் செக் எழுதியவரின் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரு மெசேஜ் ஐடி. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுத்தவைதான்.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பெரிய தொகை என்றால் உங்கள் ஊர் வக்கீலிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

நம்மூர் 138-ஐ மறந்துவிடுங்கள்

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு செக் திரும்பினால் உடனே நினைவுக்கு வருவது பிரிவு 138. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், கட்ட 15 நாள் அவகாசம், கட்டாவிட்டால் குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை. அந்த மிரட்டலுக்கே பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் நாடு முழுவதற்கும் கிடையாது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பியது என்பது மட்டும் குற்றம் ஆகிவிடாது. பணம் இல்லை என்று தெரிந்தே, ஏமாற்றுகிற எண்ணத்தோடு எழுதினார் என்று காட்ட வேண்டும். சம்பளம் ஒரு நாள் தாமதமாக வந்ததால் செக் திரும்பிய ஆளையும் மோசடிக்காரரையும் போலீஸ் ஒன்றாகப் பார்க்காது. அதனால் இங்கே பணத்தை வாங்கும் வழி பெரும்பாலும் சிவில் வழிதான்: கடிதம், அப்புறம் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்.

முதலில்: யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள்

செக் திரும்பியது தெரிந்த நிமிடத்திலிருந்து பொருள், மிச்சப் பணம் எதுவும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. "இன்னொரு செக் அனுப்புகிறேன், இதற்குள் பொருளைக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். வேண்டாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? அப்படியானால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போன் செய்யுங்கள். வயர் டிரான்ஸ்ஃபர் என்றால் உங்கள் பாங்கின் மோசடிப் பிரிவை அழைத்து, வயரைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். கிஃப்ட் கார்டு நம்பரைக் கொடுத்திருந்தால் அந்தக் கார்டு நிறுவனத்தை அழையுங்கள், ரசீதையும் கார்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸெல் வழியாக அனுப்பியிருந்தால் பாங்கில் புகார் பதியுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உங்களுக்குத் தெரியாமல் யாரோ எடுத்த பணத்துக்குத்தான் சட்டப் பாதுகாப்பு வலுவாக இருக்கிறது. ஏமாந்து நீங்களே அனுப்பியதற்கு அது பொருந்துவது கடினம்.

அடுத்த வேலை காகிதங்கள். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், முதலிலிருந்து கடைசி வரை மெசேஜ்கள், ஈமெயில், செக்கின் இரண்டு பக்கப் படம், வந்த உறை. உறையை எல்லோரும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் இருக்கும் டிராக்கிங் நம்பரும் தபால் முத்திரையும் பின்னால் தபால் துறை விசாரணைக்கு உதவும். அந்த ஆளை பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள், சில தளங்களில் பிளாக் செய்ததும் உரையாடலே காணாமல் போய்விடும்.

கணக்கில் தெரிந்த பணத்தை பாங்க் எப்படி எடுக்கலாம்?

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கோபப்படும் இடம் இது. "பாங்க்தானே பணத்தை வரவு வைத்தது, அப்புறம் எப்படி எடுக்கலாம்?"

செக் பணத்தை வாடிக்கையாளருக்கு எத்தனை நாளுக்குள் எடுக்கக் கொடுக்க வேண்டும் என்று மத்திய விதி ஒன்று இருக்கிறது, ரெகுலேஷன் சிசி என்பார்கள். சாதாரண செக்கில் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளிலேயே எடுக்க விட வேண்டும் (2025 ஜூலைக்கு முன் இது 225 டாலர்). கேஷியர்ஸ் செக்கையும் தபால் மணி ஆர்டரையும் நேரில் கவுன்ட்டரில் கொடுத்தால் பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே முழுத் தொகையும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் செக் எழுதிய பாங்கிலிருந்து ஒரு காசும் வந்திருக்காமல் இருக்கலாம். உங்கள் பாங்க் விதிக்குக் கட்டுப்பட்டு முன்பணம் மாதிரி கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். செக் திரும்பினால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை பாங்குக்கு உண்டு. நீங்கள் செலவு செய்திருந்தால் கணக்கு மைனஸில் போகும், அந்தக் கடன் உங்களுடையது.

போலி கேஷியர்ஸ் செக் வெளிப்பட இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். மோசடி முழுவதும் இந்த இடைவெளியை வைத்துத்தான் நடக்கிறது. கேஷியர்ஸ் செக் என்பது நம்மூர் டிமாண்ட் டிராஃப்ட் போல, பாங்க் தானே எழுதித் தருவது. அசல் என்றால் திரும்ப வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் அதைப் போலியாக அச்சடிக்கிறார்கள்.

"செக் க்ளியர் ஆகிவிட்டதா?" என்று கவுன்ட்டரில் கேட்டால் "ஆமாம், பணம் இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எழுதிய பாங்க் இந்தச் செக்குக்குப் பணம் கொடுத்துவிட்டதா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் வராது, அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

திரும்பிய காகிதத்தைப் படியுங்கள்

பாங்க் உங்களுக்கு அசல் செக்கைத் தராது. அதன் படத்தை அச்சடித்து, "இது உங்கள் செக்கின் சட்டப்படியான நகல்" என்ற வாசகத்தோடு ஒரு தாள் தரும். 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக் 21 சட்டப்படி இந்தத் தாள் அசலுக்குச் சமம். கோர்ட்டில் இதைத்தான் காட்டப்போகிறீர்கள், பத்திரம். இணையத்தில் மட்டும் காட்டியிருந்தால் பாங்கில் கேட்டு அச்சுப் பிரதி வாங்குங்கள்.

அதில் திரும்பிய காரணம் போட்டிருக்கும். "போதிய பணம் இல்லை" என்றால் கணக்கு உண்மையானது, ஆள் இருக்கிறார். ஒரு போன் செய்து பேசினாலே தீர வாய்ப்பு உண்டு. சம்பள நாள் பார்த்து மறுபடியும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாமா என்று உங்கள் பாங்கில் கேளுங்கள். "கணக்கு மூடப்பட்டது" என்றால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். மூடிய கணக்கில் செக் எழுதினார் என்பது பின்னால் ஏமாற்றும் எண்ணத்தைக் காட்ட நல்ல சான்று. "பணம் தர வேண்டாம் என்று நிறுத்தப்பட்டது" என்றால் அவர் தானே பாங்குக்குச் சொல்லி நிறுத்தியிருக்கிறார். பொருள் சரியில்லை என்ற சண்டை பின்னால் இருக்கலாம், அப்படியானால் இது மோசடி விவகாரம் இல்லை, வியாபாரத் தகராறு. "போலி", "கணக்கு இல்லை" என்ற வார்த்தைகள் இருந்தால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

செக்கே போலி என்றால்

செக்கில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அவர்கள் மேல் வழக்குப் போடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அந்த நிறுவனமும் உங்களைப் போலவே ஏமாந்தவர்கள்தான், அவர்கள் கணக்கு நம்பரை யாரோ திருடி அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போடாத செக்குக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஒரு போன் செய்து தகவல் மட்டும் சொல்லுங்கள், நன்றி சொல்வார்கள். அவர்களுடைய போன் எண்ணைச் செக்கிலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே தேடி எடுங்கள். செக்கில் அச்சடித்த எண்ணை அழைத்தால் மோசடிக்காரரின் கூட்டாளியே "ஆமாம், செக் சரிதான்" என்று சொல்வார்.

புகார் கொடுக்க வேண்டிய இடங்கள் இவை. உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து நம்பர் வாங்குங்கள். ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதற்காக இல்லை, பாங்கிலும் மற்ற இடங்களிலும் அந்த நம்பரைக் கேட்பார்கள் என்பதற்காக. இணையக் குற்றங்களுக்கு எஃப்பிஐ நடத்தும் ஐசி3 தளத்தில் பதியுங்கள். ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார் தளத்திலும் பதியலாம். ஆனால் அவர்கள் தனி ஆளின் வழக்கை எடுத்துப் பணம் வாங்கித் தர மாட்டார்கள், புகார்களைத் தொகுத்து விசாரணை அமைப்புகளுக்குக் கொடுப்பார்கள். செக் தபாலில் வந்திருந்தால் தபால் துறையின் சொந்த விசாரணைப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸுக்கும் எழுதுங்கள். தபாலைப் பயன்படுத்தி மோசடி செய்வது தனியே ஒரு மத்தியக் குற்றம்.

விசாவில் இருக்கிறோமே, போலீஸ் என்றால் வம்பு வருமோ என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். புகார் கொடுக்காமல் இருப்பதில்தான் வம்பு. போலிச் செக்கைப் பாங்கில் போட்டவர் நீங்கள். பாங்கின் கண்ணுக்கு நீங்களும் சந்தேக வளையத்தில் இருப்பவர். கணக்கை மூடிவிட்டு, வாடிக்கையாளர்களின் பழைய கணக்கு விவரத்தை பாங்குகளுக்குச் சொல்லும் செக்ஸ்சிஸ்டம்ஸ் போன்ற அமைப்பில் உங்கள் பெயரைப் பதிந்தால், சில வருடங்களுக்கு வேறு பாங்கில் கணக்குத் திறப்பதே பாடாகிவிடும். போலீஸ் புகார் நம்பரோடும் மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட்களோடும் பாங்க் கிளைக்கு நேரில் போய், "நான் ஏமாற்றப்பட்டேன், இதோ ஆதாரம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். செக் திரும்பியதற்குப் பிடித்த கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேளுங்கள். முதல் தடவை என்றால் சில சமயம் விட்டுவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால், போலிச் செக்கில் போன பணம் திரும்பி வருவது அபூர்வம். இந்தப் பகுதியில் சொன்னதெல்லாம் மேலும் சேதம் ஆகாமல் தடுப்பதற்குத்தான்.

ஆள் யாரென்று தெரியும் என்றால்: கடிதம்

இங்கே சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. செக் வாங்கிக்கொண்டதால் கடன் தீர்ந்துவிடவில்லை, செக் திரும்பியதும் அது மறுபடியும் உயிர்பெறுகிறது. செக்கை வைத்தும் கேட்கலாம், விற்ற பொருளின் விலை என்றும் கேட்கலாம்.

முதலில் போனிலோ மெசேஜிலோ மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால் கடிதம். சர்டிஃபைட் மெயிலில், கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பும் பச்சை அட்டையோடு அனுப்புங்கள். அந்தப் பச்சை அட்டை கையெழுத்தோடு உங்கள் தபால் பெட்டிக்கு வந்துசேர்ந்தால், "கடிதமே வரவில்லை" என்று அவர் கோர்ட்டில் சொல்ல முடியாது. கடிதத்தில் நீட்டி முழக்க வேண்டாம்: செக் நம்பர், தேதி, தொகை, எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதியில் என்ன காரணத்துக்காகத் திரும்பியது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கட்ட வேண்டும். கடைசியில், கட்டாவிட்டால் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன் என்று ஒரு வரி.

எத்தனை நாள் அவகாசம், கூடுதலாக என்ன கேட்கலாம் என்பதெல்லாம் மாநிலச் சட்டம். உதாரணத்துக்குக் கலிபோர்னியா. அங்கே சிவில் சட்டத்தின் 1719-ஆம் பிரிவு, கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது, அதன்படியே எழுதுங்கள். 30 நாளுக்குள் கட்டினால் செக் தொகையோடு 25 டாலர் வரை கட்டணமும் தபால் செலவும். கட்டாவிட்டால் செக் தொகையும், அதற்கு மேல் அந்தத் தொகையின் மூன்று மடங்கு நஷ்டஈடும் கேட்கலாம். நஷ்டஈடு 100 டாலருக்குக் குறையாது, 1,500 டாலரைத் தாண்டாது. 600 டாலர் செக் என்று வையுங்கள்: மூன்று மடங்கு 1,800 வருகிறது, உச்சவரம்பு 1,500, ஆக மொத்தம் 2,100 டாலர் கேட்கலாம். சர்டிஃபைட் மெயிலில் அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த 1,500 கிடையாது. நல்லெண்ணத்தோடு ஒரு தகராறுக்காக செக்கை நிறுத்தியவர் மேலும் இந்த மூன்று மடங்கு பாயாது.

ஒரு எச்சரிக்கை. "பணம் தராவிட்டால் போலீஸில் மாட்டிவிடுவேன், ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்று எழுதாதீர்கள். நம்மூரில் சர்வசாதாரணமாகச் சொல்கிற வசனம்தான். ஆனால் குற்ற வழக்கைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பது கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் மிரட்டிப் பறித்தல் என்ற குற்றமாகப் பார்க்கப்படலாம். போலீஸுக்குப் போவதென்றால் போங்கள், அதைப் பேரம் பேசும் ஆயுதமாக்காதீர்கள்.

டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகம்

சில கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசு வக்கீல் அலுவலகத்திலேயே செக் மோசடிக்கு ஒரு பிரிவு இருக்கும். டெக்சஸில் இதை "ஹாட் செக்" பிரிவு என்பார்கள். அங்கே நோட்டீஸ் கிடைத்து 10 நாளுக்குள் கட்டாவிட்டால், கணக்கில் பணமில்லை என்பது எழுதியவருக்குத் தெரிந்தே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்கள் கடிதம் போனாலே பலர் கட்டிவிடுவார்கள், உங்களுக்குச் செலவும் இல்லை.

எல்லாச் செக்கையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்தேதியிட்ட செக்கா? "வெள்ளிக்கிழமை வரை போடாதீர்கள்" என்றாரா, நீங்களும் சரி என்றீர்களா? அப்படியானால் நீங்கள் கடன் கொடுத்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், மோசடி என்று இல்லை. இடையில் பாதித் தொகையை வாங்கிக்கொண்டாலும் பல இடங்களில் கோப்பை மூடிவிடுவார்கள். அங்கே கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் பாதிப் பணம் வாங்குங்கள்.

ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்

வக்கீல் தேவையில்லை. கலிபோர்னியாவில் வக்கீல் உங்களுக்காக வந்து வாதாடவே கூடாது. குடியுரிமை, க்ரீன் கார்டு எதுவும் கேட்க மாட்டார்கள். தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவில் தனி ஆளுக்கு 12,500 டாலர், டெக்சஸில் 20,000, ஜார்ஜியாவில் 15,000, இல்லினாயில் 10,000. கலிபோர்னியாவில் வழக்குப் போட தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர் வரை கட்டணம், ஜெயித்தால் அதையும் எதிராளியிடமிருந்தே வாங்கலாம்.

எந்த ஊர் கோர்ட் என்பதுதான் ஆன்லைன் விற்பனையில் சிக்கல். உங்கள் மாநிலத்துக்காரர் என்றால் அவர் வசிக்கும் கவுண்டி, அல்லது வியாபாரம் நடந்த கவுண்டி. வேறு மாநிலத்துக்காரர் என்றால் பெரும்பாலும் அவருடைய ஊர் கோர்ட்டில்தான் போட வேண்டியிருக்கும். சில கோர்ட்டுகள் வீடியோவில் ஆஜராக விடுகின்றன, போடுவதற்கு முன் கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள். விமான டிக்கெட் செக் தொகையை விழுங்கிவிடும் என்றால் கடிதத்தோடு விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

படிவத்தில் எதிராளியின் பெயரைச் செக்கில் அச்சடித்திருக்கும்படி, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். மார்க்கெட்பிளேஸில் இருக்கிற செல்லப் பெயரில் தீர்ப்பு வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. சம்மனை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் அதிகாரி), கட்டணத்துக்குச் சம்மன் கொடுப்பவர், அல்லது 18 வயது நிரம்பிய, வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான படிவத்தையும் அவர்தான் கையெழுத்திட்டுத் தர வேண்டும். என் நண்பரின் முதல் விசாரணை இதனாலேயே தள்ளிப்போனது. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி மனைவியிடம் சொல்லியிருந்தார், மனைவியும் வழக்கில் ஒரு வாதி என்பதை மறந்துவிட்டார்.

விசாரணை பத்துப் பதினைந்து நிமிடம்தான். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்துப் போங்கள்: நீதிபதிக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மேலே விளம்பரம், அடுத்து விலை ஒப்புக்கொண்ட மெசேஜ், பொருள் கைமாறியதற்கான ஆதாரம், திரும்பிய செக்கின் நகல், கடிதம், பச்சை அட்டை. இந்த வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் நீங்கள் அதிகம் பேசவே வேண்டாம். எதிராளி வராவிட்டாலும் தீர்ப்பு தானாக வந்துவிடாது, உங்கள் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அவர் ராணுவத்தில் பணியில் இல்லை என்ற உறுதிமொழியையும் கேட்பார்கள், பணியில் இருப்பவர்களுக்கு மத்தியச் சட்டத்தின் தனிப் பாதுகாப்பு உண்டு. கலிபோர்னியாவில் வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது. அரைகுறை ஆதாரத்தோடு அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள்.

தீர்ப்பு வந்தது, பணம் வந்ததா?

கோர்ட் உங்களுக்காக வசூல் செய்து தராது. ஆனால் செக் வாங்கிய உங்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: அவருடைய பாங்க் எது, கணக்கு நம்பர் என்ன என்பது அந்தச் செக்கின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. ஒன்பது இலக்கம் பாங்கின் ரூட்டிங் நம்பர், பக்கத்தில் கணக்கு நம்பர். கிளார்க்கிடம் நிறைவேற்று ஆணை வாங்கி ஷெரிஃபிடம் கொடுத்தால், கணக்கு உயிரோடு இருக்கும்பட்சத்தில் அதிலிருந்து ஜப்தி செய்யலாம். மாதத் தொடக்கத்தில், சம்பளம் விழுகிற சமயம் பார்த்துப் போவது கெட்டிக்காரத்தனம்.

சம்பளத்திலிருந்து பிடிக்கவும் வழி உண்டு. மத்தியச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு, வரி போக மீதிச் சம்பளத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. டெக்சஸில் இந்த மாதிரிக் கடனுக்குச் சம்பளத்தைத் தொடவே முடியாது. கலிபோர்னியாவில் ஸ்மால் க்ளெய்ம்ஸில் தோற்றவர் பணம் கட்டாவிட்டால் 30 நாளுக்குள் தன் சொத்து விவரத்தை எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு ஒரு கடிதம் போட்டதுமே என் நண்பருக்குப் பணம் வந்துவிட்டது.

பொருளையே திரும்ப எடுக்க முடியுமா?

செக் திரும்பினால் விற்றவருக்குப் பொருளைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குள் வாங்கியவர் இன்னொருவருக்கு அதை விற்றிருந்து, அந்த மூன்றாவது ஆள் விவரம் எதுவும் தெரியாமல் காசு கொடுத்து வாங்கியிருந்தால், பொருள் அவருக்கே சொந்தம். அவரிடம் போய் "அது என் கேமரா" என்று வாதாட முடியாது. அதனால் பொருள்தான் வேண்டும் என்றால் நாள் கடத்தாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய் நீங்களாகத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம், அப்புறம் நீங்கள் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள்.

எவ்வளவு காலம் இருக்கிறது? பெரும்பாலான மாநிலங்களில் செக் எழுதியவர் மேல் வழக்குப் போட, செக் திரும்பிய நாளிலிருந்து மூன்று வருடம். ஆனால் அந்த ஆள் வீடு மாற மூன்று வருடம் காத்திருக்க மாட்டார்.

அடுத்த முறை விற்கும்போது

பெரிய தொகை என்றால் வாங்குகிறவரின் பாங்க் கிளைக்கே இருவரும் போங்கள். உங்கள் கண் முன்னால் கவுன்ட்டரில் கேஷியர்ஸ் செக் எழுதட்டும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட விலைக்கு மேல் ஒரு டாலர் அதிகமாக வந்தாலும் அந்தச் செக்கைப் போடாதீர்கள். பர்சனல் செக் வாங்கத்தான் வேண்டும் என்றால் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, பெயரும் முகவரியும் செக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள், அனுமதி கேட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தபால் மணி ஆர்டர் வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசலில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம் நீர்க்குறியாகத் தெரியும். உள்நாட்டு மணி ஆர்டர் 1,000 டாலருக்கு மேல் கிடையாது, 1,200 என்று அச்சடித்து ஒன்று வந்தால் வெளிச்சத்தில் பிடிக்கிற வேலையும் மிச்சம்.